எலி, நாய், குரங்கு, பன்றி: ஆய்வுக்கு எதை எடுப்பது?

மனிதனுக்கு மிக நெருக்கமான ஆய்வு விலங்கு பன்றிதான் என்று அடிக்கடி எழுதுகிறார்கள். பரிணாம வரிசைப்படி பார்த்தால் அது சரியில்லை. நம் மூதாதையரும் எலியின் மூதாதையரும் பிரிந்தது, பன்றியின் மூதாதையர் பிரிந்துபோனதற்குப் பிறகுதான். அந்தக் கணக்கில் பன்றியைவிடச் சுண்டெலிதான் நமக்குக் கிட்டத்துச் சொந்தம். ஆனாலும் ஒரு புதிய இதய வால்வைச் சோதிக்க யாரும் எலியைத் தேடிப் போவதில்லை. எலியின் இதயம் நிமிடத்துக்கு 500 முறைக்கு மேல் துடிக்கிறது. பன்றியின் இதயம் அளவிலும் துடிப்பிலும் நம்முடையதை ஒட்டி வருகிறது.

மரபுவழி நெருக்கம் வேறு, உறுப்பு ஒத்துப்போவது வேறு. எந்த உறுப்பு, என்ன கேள்வி, எத்தனை நாள் சோதனை என்று பிரித்துக் கேட்டால்தான் பதில் கிடைக்கும். அப்படிப் பிரித்துப் பார்த்தால் பன்றி சில இடங்களில் தெளிவாக ஜெயிக்கிறது, சில இடங்களில் மோசமாகத் தோற்கிறது.

எலியும் பன்றியும்

வேகத்திலும் செலவிலும் எலியை மிஞ்ச முடியாது. சுமார் 25 கிராம் எடை, மூன்று வாரச் சினை, பிறந்த இரண்டு மாதத்துக்குள் அடுத்த தலைமுறைக்குத் தயார். குறிப்பிட்ட மரபணுவை முடக்கிய எலிகளை உருவாக்கும் வழிக்கு 2007இல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. பன்றியின் சினைக்காலம் 114 நாள். பருவத்துக்கு வர அரை வருடம். ஒரு மரபணு என்ன செய்கிறது என்று முதலில் துப்பறிய வேண்டுமென்றால் எலிதான். இதில் பெரிய வாதத்துக்கு இடமில்லை.

வாதம் அடுத்த கட்டத்தில் வருகிறது. சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்ற பரம்பரை நோயை எடுத்துக்கொள்வோம். அதற்குக் காரணமான மரபணுவை எலியில் முடக்கினார்கள். குடலில் கோளாறு வந்தது. ஆனால் நோயாளிகளின் உயிரை வாங்கும் அந்த நுரையீரல் பாதிப்பு மட்டும் எலியில் சரியாக வரவே இல்லை. 2008இல் அமெரிக்காவின் அயோவா, மிசூரி பல்கலைக்கழகக் குழுக்கள் அதே மரபணு இல்லாத பன்றிக் குட்டிகளை உருவாக்கின. நோயோடு பிறக்கும் சில மனிதக் குழந்தைகளைப் போலவே அவற்றுக்கும் பிறக்கும்போதே குடல் அடைப்பு இருந்தது. சில மாதங்களில் நுரையீரலில் சளித் தேக்கமும் தொற்றும் வந்தன. எலி வருடக்கணக்கில் காட்டாததைப் பன்றி சில மாதங்களில் காட்டியது.

தோலிலும் இதே கதைதான். எலியின் தோல் சதையோடு ஒட்டாமல் தளர்வாக இருக்கும். காயம் பட்டால் ஓரங்கள் சுருங்கி மூடிக்கொள்ளும். நம் தோலும் பன்றித் தோலும் அடியில் இறுக ஒட்டியவை, புதுத் தோல் வளர்ந்துதான் புண் ஆறும். தீக்காய மருந்து எலியில் பிரமாதமாக வேலை செய்தது என்ற செய்தியைப் படித்தால், பன்றியில் என்ன ஆனது என்று கேட்பது நல்லது.

நாயும் பன்றியும்

பல பத்தாண்டுகள் இதய ஆராய்ச்சியின் விலங்கு நாய்தான். அந்த இடத்தைப் பன்றி பிடித்ததற்கு நாயின் மேல் மக்களுக்கு உள்ள பாசம் மட்டும் காரணமில்லை. நாயின் இதயத்தில் தமனிகளுக்கு இடையே பக்கக் கிளைகள் நிறைய உண்டு. ஒரு தமனியை அடைத்தால் பக்கத்துக் கிளை வழியே ரத்தம் வந்து தசையைக் காப்பாற்றிவிடும். எவ்வளவு காப்பாற்றும் என்பது நாய்க்கு நாய் மாறும். மாரடைப்பை ஆராய வந்தவருக்கு இது பெரிய தலைவலி. பன்றிக்குப் பக்கக் கிளைகள் மிகக் குறைவு. தமனியை அடைத்தால் எந்தப் பகுதி சாகும் என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம். தமனிகள் ஓடும் பாதையும் நம்முடையதைப் போலவே இருப்பதால், ஸ்டென்ட் (தமனி அடைபடாமல் விரித்து வைக்கும் வலைக் குழாய்) சோதனைகள் பெரும்பாலும் பன்றியில்தான் நடக்கின்றன.

ஆனால் பன்றி இதயத்தோடு வேலை செய்வது சுலபமில்லை. லேசாகச் சீண்டினாலும் துடிப்பு தாறுமாறாகிவிடும். அறுவை மேசையிலேயே சாகும் பன்றிகள் உண்டு. இன்னொரு சிக்கலும் இருக்கிறது. மார்புச் சுவரிலிருந்து வரும் ஓர் இடப்பக்கச் சிரை, பன்றியில் நேராக இதயத்தின் சொந்தச் சிரையில் போய்ச் சேருகிறது. அதைக் கட்டாமல் இதயத் தசையிலிருந்து வெளியேறும் ரத்தத்தை அளந்தால் கணக்கு தப்பாகிவிடும். மயக்கம் கொடுத்து மூச்சுக்குழாயில் குழாய் செருகுவதும் நாயைவிடப் பன்றியில் கடினம், குரல்வளை சட்டென்று இறுகிக்கொள்ளும்.

மருந்தின் நச்சுத்தன்மைச் சோதனையில் போட்டி இன்னும் நெருக்கமானது. கொறிக்கும் விலங்கு ஒன்று, கொறிக்காத விலங்கு ஒன்று என்று இரண்டைப் பொதுவாகக் கட்டுப்பாட்டு அமைப்புகள் கேட்கின்றன. இரண்டாவது இடத்துக்கு வழக்கமாக வருவது பீகிள் நாய். சொன்னபடி கேட்கும், முன்னங்காலிலேயே ரத்தம் எடுக்கலாம், ஒப்பிட்டுப் பார்க்கப் பழைய தரவுகளும் மலைபோல் இருக்கின்றன. பன்றியின் சிரைகளோ கொழுப்புக்கு அடியில் மறைந்து கிடக்கும். கழுத்தில் ஆழமாக ஊசி இறக்க வேண்டும். ஆனால் நாய் எளிதில் வாந்தி எடுத்துவிடும், கொடுத்த மருந்து வெளியே வந்துவிட்டால் சோதனைக்கு அர்த்தமில்லை. தோலில் பூசும் மருந்தென்றால் பன்றியைத் தவிர வேறு நல்ல தேர்வு இல்லை. என்னைக் கேட்டால், பல ஆய்வுக்கூடங்கள் நாயை விடாமல் பிடித்திருப்பதற்கு அறிவியலைவிடப் பழைய தரவுகளின் வசதிதான் பெரிய காரணம்.

குரங்கும் பன்றியும்

எதிர்ப்புரத மருந்துகளில், அதாவது ஆன்டிபாடி மருந்துகளில், குரங்கின் இடத்தைப் பன்றியால் எளிதில் பிடிக்க முடியாது. மனிதப் புரதம் ஒன்றைக் குறிவைத்துச் செய்த மருந்து, பல நேரங்களில் குரங்கின் புரதத்தில் ஒட்டும், பன்றியின் புரதத்தில் ஒட்டாது. ஒட்டாத மருந்து நல்லதா கெட்டதா என்று எப்படிச் சோதிப்பது?

இத்தகைய மருந்துகளைக் கருவுற்ற காலத்தில் சோதிப்பதிலும் பன்றி தேறாது. நம் நஞ்சுக்கொடி வழியே தாயின் எதிர்ப்புரதங்கள் சிசுவுக்குப் போகின்றன. பன்றியின் நஞ்சுக்கொடியில் அந்தப் பாதை அடைபட்டிருக்கிறது. பிறந்த குட்டி சீம்பால் குடித்தால்தான் அதற்கு நோய் எதிர்ப்பே கிடைக்கும்.

மற்றபடி குரங்கை நாடுவதில் சங்கடங்கள் அதிகம். ஆய்வுகளில் மிகுதியாகப் பயன்படும் நீள்வால் குரங்கை உலக இயற்கைப் பாதுகாப்பு அமைப்பான ஐ.யூ.சி.என். 2022இல் அழியும் ஆபத்தில் உள்ள இனமாக அறிவித்தது. குரங்குக்குப் பெரிய தீங்கு செய்யாத ஹெர்பிஸ் பி வைரஸ், பராமரிப்பவருக்குத் தொற்றினால் உயிருக்கே ஆபத்து.

உறுப்பு மாற்று ஆராய்ச்சியில் இந்த இரண்டின் கதை திருப்பமானது. மனிதருக்குப் பொருத்த உறுப்பு தேடி முன்பு அதிகம் நாடியது குரங்கினத்தைத்தான். 1960களில் சிம்பன்சியின் சிறுநீரகம், 1984இல் பபூன் குரங்கின் இதயம் என்று முயன்றார்கள். குரங்குகள் ஈத்துக்கு ஒன்றே ஈனும், பபூனின் உறுப்பு சிறியது, வைரஸ் தாண்டி வரும் அச்சமும் உண்டு. பன்றி ஒரே ஈத்தில் பத்துப் பன்னிரண்டு குட்டி போடும், சில மாதங்களில் உறுப்பு மனித அளவுக்கு வந்துவிடும். பெரிய தடை ஒன்று இருந்தது: பன்றியின் செல்களின் மேல் இருக்கும் ஆல்ஃபா-கேல் என்ற சர்க்கரையை நம் உடல் பார்த்தவுடனே தாக்கும். அந்த மரபணுவை நீக்கிய பன்றிகள் வந்த பிறகுதான் கதவு திறந்தது. 2022 ஜனவரியில் மேரிலாந்து பல்கலைக்கழக மருத்துவமனையில் பத்து மரபணு மாற்றங்கள் செய்த பன்றியின் இதயத்தை ஒருவருக்குப் பொருத்தினார்கள். அவர் இரண்டு மாதம் வாழ்ந்தார். அந்த இதயத்தோடு ஒரு பன்றி வைரஸும் கூடவே வந்திருந்தது பிறகு தெரியவந்தது. 2024 மார்ச்சில் பாஸ்டனில், 69 மாற்றங்கள் செய்த பன்றியின் சிறுநீரகம் ஒரு நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. இதற்கெல்லாம் முன்னோட்டம் பார்த்தது பபூனிலும் நீள்வால் குரங்கிலும். அவற்றுக்கும் நம்மைப் போலவே அந்தச் சர்க்கரை கிடையாது. ஆக, இங்கே பன்றி கொடுக்கும் இடத்தில், குரங்கு வாங்கும் இடத்தில்.

பன்றி என்றால் எந்தப் பன்றி?

இதைக் கேட்காமல் முடிவெடுப்பவர்கள் பின்னால் மாட்டிக்கொள்கிறார்கள். பண்ணைப் பன்றி மலிவு, எப்போதும் கிடைக்கும். ஆனால் ஆறு மாதத்தில் சுமார் 100 கிலோ, முழு வளர்ச்சியில் 200 கிலோவையும் தாண்டும். 100 கிலோ இருந்தாலும் அந்த வயதில் அது இன்னும் வளரும் பிள்ளைதான். அதன் தமனிக்குள் ஸ்டென்ட் வைத்து ஒரு வருடம் கவனித்தால், தமனி வளர்ந்துகொண்டே போகும், ஸ்டென்ட் அதே அளவில் நிற்கும். அப்புறம் வரும் முடிவை எப்படி நம்புவது?

இதற்காகவே உருவானவை மினி பன்றிகள். அமெரிக்காவின் மினசோட்டாவில் 1940களின் கடைசியில் ஓர் இனத்தைத் தொடங்கினார்கள். அதை வியட்நாமியத் தொந்திப் பன்றியோடும், பிறகு வெள்ளைத் தோலுக்காக ஜெர்மானியப் பண்ணை இனத்தோடும் கலந்து 1960களில் உருவானது ஜெர்மனியின் கோட்டிங்கன் மினி பன்றி. வளர்ந்தாலும் 35 முதல் 45 கிலோதான். ஒரே நாளில் முடியும் அறுவைச் சோதனைக்குப் பண்ணைப் பன்றி போதும். மாதக்கணக்கில் போகும் எதற்கும் மினி பன்றிதான் சரி, விலை அதிகமானாலும்.

எந்த இனமானாலும் பன்றி தவறான பதில் சொல்லும் இடங்கள் உண்டு. அதன் நுரையீரல் ரத்தக் குழாய்களின் உள்ளேயே, கிருமிகளையும் துகள்களையும் விழுங்கும் காவல் செல்கள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன; நமக்கு அப்படி இல்லை. அதனால் நானோ துகள் மருந்தை ஊசியில் ஏற்றினால் பன்றி தேவைக்கு மேல் பதறும். நல்ல மருந்து இதனாலேயே ஆபத்தானது என்ற பெயர் எடுக்கலாம்.

பண்ணை ஆராய்ச்சியில் கணக்கே வேறு

இங்கே பன்றி யாருக்கும் பதிலாள் இல்லை. கேள்வியே பன்றியைப் பற்றியது. அதனால் போட்டி விலங்குகளுக்குள் நடப்பதில்லை, வழிமுறைகளுக்குள் நடக்கிறது.

தானியத்தில் உள்ள பாஸ்பரஸில் பெரும்பகுதியைப் பன்றியால் செரிக்க முடியாது. அது சாணத்தில் போய், நீர்நிலைகளில் பாசியைப் பெருக்கும். கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழகம் இதற்கு ஒரு வழி கண்டது. உமிழ்நீரிலேயே ஃபைட்டேஸ் என்ற நொதியைச் சுரக்கும் மரபணு மாற்றிய பன்றி, பெயர் என்விரோபிக், முதல் குட்டி பிறந்தது 1999இல். அறிவியலாகப் பார்த்தால் அருமையான வேலை. ஆனால் அதே நொதியைத் தூளாகத் தீவனத்தில் கலந்துவிடலாம்; 1990களிலேயே அது சந்தைக்கு வந்துவிட்டது. வாங்க ஆள் இல்லாமல் 2012இல் அந்தத் திட்டம் நின்றது.

பி.ஆர்.ஆர்.எஸ். என்ற வைரஸ் நோயில் முடிவு நேர்மாறு. தாய்ப் பன்றிக்குக் கருச்சிதைவு, குட்டிகளுக்கு நுரையீரல் நோய் தரும் வைரஸ் இது. தடுப்பூசி இருக்கிறது, வைரஸ் உருமாறிக்கொண்டே இருப்பதால் முழுப் பாதுகாப்பு கிடைப்பதில்லை. வைரஸ் செல்லுக்குள் நுழைய சிடி163 என்ற புரதம் வேண்டும். அதன் மரபணுவில் மாற்றம் செய்த பன்றிகளுக்கு நோய் வருவதில்லை என்று மிசூரி பல்கலைக்கழகக் குழு 2015இல் காட்டியது. அத்தகைய பன்றிக்கு அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2025 ஏப்ரலில் அனுமதி கொடுத்தது. என்விரோபிக்குக்கு மாற்று இருந்தது, இதற்கு ஈடான மாற்று இல்லை. மரபணு திருத்தம் வேண்டுமா வேண்டாமா என்று பொதுவாக விவாதிப்பதைவிட, பக்கத்தில் மலிவான தீர்வு இருக்கிறதா என்று பார்ப்பதுதான் பயனுள்ள கேள்வி.

பண்ணையும் மருத்துவமும் சந்தித்த இடம் ஒன்று உண்டு. கொழுப்பு குறைந்த, சதைப்பற்றான பன்றிகளைத் தேர்ந்து தேர்ந்து பெருக்கியதில் ஒரு மரபணுக் கோளாறும் சேர்ந்து பரவியது. அந்தப் பன்றிகள் பதற்றத்தில் திடீரென்று சாகும். இறைச்சி வெளிறி நீர் கோத்திருக்கும். ஹாலோத்தேன் மயக்க மருந்தை முகர்ந்தால் உடல் விறைத்துக் கொதிக்கும். அறுவை அறையில் சில மனிதர்களுக்கு வரும் அதே ஆபத்து. 1991இல் பன்றியில் அந்த மரபணு மாற்றத்தைக் கண்டுபிடித்தார்கள். பண்ணையாளர்களுக்குக் கோளாறைக் களைய டி.என்.ஏ. பரிசோதனை கிடைத்தது, மயக்கவியலாருக்கு எந்த மரபணுவைத் தேட வேண்டும் என்று தெரிந்தது.

உணவியலில் எலிக்கும் பன்றிக்கும் உள்ள போட்டி கிட்டத்தட்ட முடிந்துவிட்டது. ஓர் உணவின் புரதத் தரத்தை அளக்கப் பழைய முறை எலியைச் சார்ந்திருந்தது. 2013இல் ஐ.நா.வின் உணவு, வேளாண் அமைப்பான எஃப்.ஏ.ஓ.வின் நிபுணர் குழு, முதலில் மனிதரில் அளக்க வேண்டும், முடியாவிட்டால் வளரும் பன்றியில், அதுவும் முடியாவிட்டால் எலியில் என்று வரிசை போட்டது.

விலங்கே இல்லாத வழி

விலங்கு ஆய்வுக்கான நெறிகளாக 1959இல் ரஸ்ஸல், பர்ச் என்ற இரு விஞ்ஞானிகள் சொன்ன மூன்றில் முதலாவது, விலங்குக்கு மாற்று தேடுவது. நாய்க்குப் பதில் பன்றி எடுப்பதை மாற்று என்று சிலர் எழுதுகிறார்கள். அது இடம்மாற்றம் மட்டுமே. 'எப்படியும் இறைச்சிக்கு வளர்க்கிறோமே' என்ற வாதமும் எனக்கு ஒப்பவில்லை. அது நம் கூச்சம் குறைவதற்கு விளக்கம் தருகிறது, பன்றியின் வலியைக் குறைப்பதில்லை.

2010இல் வந்த நுரையீரல் சில்லு (மனித நுரையீரல் செல்களை வளர்த்த சின்னக் கருவி) போன்றவை ஒரு திசுவின் கேள்விக்கு நன்றாகப் பதில் சொல்கின்றன. இதயம், சிறுநீரகம், ஹார்மோன் எல்லாம் சேர்ந்து என்ன செய்யும் என்று கேட்டால் இன்னும் திணறுகின்றன. ஆனால் இறைச்சிக்கூடத்திலிருந்து வரும் உறுப்புகளை நாம் போதுமான அளவு பயன்படுத்துவதில்லை. 2019இல் யேல் பல்கலைக்கழகக் குழு, வெட்டி நான்கு மணி நேரமான பன்றி மூளைகளை வைத்தே சில செல் இயக்கங்களை மீட்டுக் காட்டியது. கண் அறுவைப் பயிற்சிக்கும் தோல் வழியே மருந்து ஊடுருவும் சோதனைக்கும் அங்கிருந்து வரும் கண்ணும் தோலும் தாராளமாகப் போதும். அவற்றுக்கு உயிருள்ள பன்றி கேட்டு வரும் விண்ணப்பத்தை, விலங்கு ஆய்வுக்கு அனுமதி தரும் நெறிக்குழு திருப்பி அனுப்ப வேண்டும்.