மெத்தையை அவிழ்த்துப் பார்க்காமல் பழைய பிரம்புக் கதிரை வாங்க வேண்டாம்

கொழும்பில் பழைய பிரம்புக் கதிரை தேடுகிறவர்கள் காசை எண்ணிக் கொடுப்பதற்கு முன்னர் இதை வாசித்துவிட வேண்டும் என்பதற்காகவே எழுதுகிறேன். கடந்த ஆவணி மாதம், தெஹிவளையில் காலி வீதியிலிருந்து உள்ளே பிரியும் ஓர் ஒழுங்கையிலுள்ள பழைய தளபாடக் கடையில், 1920ஆம் ஆண்டளவில் செய்யப்பட்டது என்று சொல்லப்பட்ட சாய்மனைக் கதிரை ஒன்றை 145,000 ரூபாய் கொடுத்து வாங்கி ஏமாந்தேன்.

1995 ஒக்டோபரில் நாங்கள் யாழ்ப்பாணத்தை விட்டு வெளிக்கிட்டபோது அப்பாவின் சாய்மனைக் கதிரை விறாந்தையிலேயே நின்றது. திரும்பிப் போனபோது அது இருக்கவில்லை. இப்போது வெள்ளவத்தையில் எங்களோடு இருக்கும் அவருக்கு, கால் நீட்டும் நீண்ட கைகளோடு அதே மாதிரி ஒன்றை வாங்கிக் கொடுக்க வேண்டும் என்பது எனது நெடுநாள் ஆசை. அந்த ஆசையைக் கடைக்காரரிடம் வெளிப்படையாகச் சொன்னது என் முதற்பிழை.

"துரை இருந்த கதிரை ஐயா, நுவரெலியாப் பங்களாவில் இருந்து எடுத்தது, முழுக்கப் பர்மாத் தேக்கு" என்றார். இருக்கையின் மேல் ஒரு மெத்தை நாடாவால் இறுக்கிக் கட்டப்பட்டிருந்தது. அவிழ்த்துக் காட்டுமாறு கேட்டபோது, நாடா பழசு, அறுந்துவிடும், வீட்டில் ஆறுதலாகப் பாருங்கள் என்றார்; நான் வற்புறுத்தவில்லை.

மூன்றாம் கிழமை, கதிரையின் பின்கால்களுக்குக் கீழே அரித்த மாவைப் போன்ற வெளிர்மஞ்சள் தூள் கொட்டியிருந்தது. கூட்டித் துடைத்தால் மறுநாள் காலையில் மீண்டும் அதே இடத்தில் அதே தூள். கண்டி வீதியில் வேவல்தெனியப் பக்கம் பரம்பரையாகப் பிரம்பு பின்னும் ஒருவரை அழைத்துக் காட்டினேன். அவர் வந்ததும் மெத்தையைக் கழற்றிக் கதிரையைத் தலைகீழாகக் கவிழ்த்தார்.

கையால் பின்னிய பழைய இருக்கையென்றால் சட்டத்தைச் சுற்றி வரிசையாகத் துளைகள் இருக்கும். அடிப்பக்கத்தில் பிரம்பு நாரின் முடிச்சுகள் தூசியேறிக் கறுத்துத் தெரியும். என் கதிரையில் துளையும் இல்லை, முடிச்சும் இல்லை. ஆயத்தமாக விற்கப்படும் பின்னல் விரிப்பை வெட்டி, சட்டத்தில் கீறிய பள்ளத்துக்குள் பசை பூசி அமுக்கியிருந்தார்கள். அறுந்திருந்த ஓர் இழையை அவர் நகத்தால் கிள்ளிக் காட்டினார். உண்மையான பிரம்பின் ஒரு பக்கம் மினுங்கும், மறுபக்கம் நார்நாராகச் சொரசொரப்பாக இருக்கும், அந்தப் பக்கம் தண்ணீரைத் தொட்டு வைத்தால் உறிஞ்சும். இதுவோ இரு பக்கமும் ஒரே வழவழப்பு, வைத்த தண்ணீர் முத்தாக உருண்டு நின்றது. பிளாஸ்டிக்.

மரமும் தேக்கல்ல, சாயம் பூசிய இறப்பர் பலகை. மாச்சத்து மிகுந்த அந்தப் பலகையைச் சரியாக மருந்திட்டுப் பதப்படுத்தாவிட்டால் வண்டு துளைத்துத் தூளாக்கிவிடும். தேக்கின் வைரத்தில் அது வாய்வைப்பதில்லை. கைகளைப் பொருத்தியிருந்த திருகாணிகளின் தலையில் கூட்டல் குறி வடிவ வெட்டு இருந்தது. அவ்வகைத் திருகாணிக்கு அமெரிக்காவில் காப்புரிமை கிடைத்ததே 1936இல்தான். பழுதுபார்த்தவர் யாராவது பின்னர் மாற்றியிருக்கலாம் என்று ஒரு கணம் எனக்கே சமாதானம் சொல்லிப் பார்த்தேன். ஆனால் எல்லாத் துளையும் புதுத்துளை, உள்ளே மரம் வெள்ளை வெளேரென்று இருந்தது.

கடைக்குப் போனபோது, விற்ற பொருளைத் திருப்பி எடுப்பதில்லை என்றார்கள். என்னிடமிருந்த பற்றுச்சீட்டுத் துண்டில் "பழைய கதிரை 1" என்பதற்கு மேல் ஒரு சொல்லும் இல்லை. தேக்கு, பிரம்பு, 1920 எல்லாம் வாய்ப்பேச்சு. வாங்குபவர்கள் மரம், பின்னல், காலம் மூன்றையும் பற்றுச்சீட்டில் எழுதி வாங்குங்கள்; எழுத மறுக்கும் கடையில் முற்பணமும் கொடுக்காதீர்கள். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையிடம் படங்களோடு முறைப்பாடு கொடுத்திருக்கிறேன். அதன் தொலைபேசி இலக்கம் 1977.

வண்டு மற்றத் தளபாடங்களுக்கும் தொற்றிவிடும் என்ற பயத்தில் கதிரையை மாடிப்படிக்குக் கீழே பொலித்தீன் சுற்றி வைத்திருக்கிறோம். அப்பா ஒன்றும் கேட்கவில்லை. சென்ற சனிக்கிழமை அந்த ஒழுங்கையால் போனபோது, கடை வாசலில் அதே இடத்தில் இன்னொரு சாய்மனைக் கதிரை நின்றது. அதன் மேலும் ஒரு மெத்தை, நாடாவால் இறுக்கிக் கட்டப்பட்டிருந்தது.