காலாங் தேசிய விளையாட்டரங்கம்: அப்பாவோடு போய் வந்தேன்

போன வாரம் அப்பாவைச் சிங்கப்பூரின் காலாங் தேசிய விளையாட்டரங்கத்துக்குக் கூட்டிப் போனேன், பழைய அரங்கம் இடிபட்ட பிறகு அவர் அந்தப் பக்கமே போகவில்லை. 1973இல் திறந்த அந்தப் பழைய அரங்கத்தில் சுமார் 55,000 பேர் நெருக்கியடித்து உட்கார்ந்து, மலேசியக் கிண்ணக் காற்பந்து ஆட்டங்களில் காலைத் தரையில் தட்டிக் கத்திப் போடும் ஆரவாரத்துக்குத்தான் ‘காலாங் ரோர்’ என்று பெயர் வந்தது. சிங்கப்பூர் ஆட்டக்காரர் சுந்தரமூர்த்தி பந்தைத் தொட்டாலே எழுந்து நிற்பார்களாம். தேசிய தின அணிவகுப்பு மட்டுமே 18 முறை அங்கே நடந்திருக்கிறது. 2007இல் மூடினார்கள்.

சரி, 2014இல் திறந்த புதிய அரங்கம் எப்படி? அருமை. 310 மீட்டர் அகலக் கூரைக்கு நடுவில் ஒரு தூண்கூட இல்லை, மழை வந்தால் மூடிக்கொள்ளலாம், இருக்கைக்கு அடியிலிருந்து குளிர்காற்று மெதுவாகக் காலில் படுகிறது. நம் ஊர் வெயிலுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்! கீழ் அடுக்கு இருக்கைகளை முன்னும் பின்னும் நகர்த்தி, காற்பந்து, ரக்பி, கிரிக்கெட், ஓட்டப்பந்தயம் எல்லாம் ஒரே இடத்தில் நடத்துகிறார்கள்.

டிக்கெட் எடுக்கும்போது நகரத்தைப் பார்த்துத் திறந்திருக்கும் முனை கண்ணில் படுகிற மாதிரி இடம் எடுங்கள், இருட்டும் நேரத்தில் கட்டட விளக்குகள் தெரியும். ஸ்டேடியம் எம்ஆர்டி ரயில் நிலையத்தில் இறங்கினால் நடை ரொம்பக் குறைவு, வயதானவர்களைத் தாராளமாகக் கூட்டி வரலாம்.

முதல் கோல் விழுந்ததும் அப்பா காலைத் தட்டினார். பக்கத்து வரிசைப் பையன்களும் கூடத் தட்டினார்கள்.