கார்ட்டியே டாங்கா, கிராண்ட் செய்கோ ஸ்னோஃப்ளேக்கா?

பகட்டு இல்லாத வாட்ச் வேண்டும், ஆனால் எது என்று குழம்புகிறவர்களுக்கு.

முகப்பு: டாங்க், 1917-ல் லூயி கார்ட்டியே வடிவமைத்த செவ்வகம். ரோமன் எண் ஏழின் (VII) கோட்டுக்குள் கம்பெனிப் பெயர் பொடி எழுத்தில் ஒளிந்திருக்கும்; லென்ஸ் வைத்துத் தேட வேண்டும். ஸ்னோஃப்ளேக்கின் வெள்ளை டயலில் காற்று வருடிய பனியின் மேடுபள்ளம். அதன்மேல் நீல விநாடி முள் துள்ளாமல் வழுக்கிக்கொண்டே போகும். (இன்னும் எவ்வளவு நேரம் ஓடும் என்று காட்டும் பவர் ரிசர்வ் முள்ளையும் அங்கேயே வைத்ததுதான் எனக்கு உறுத்தல்.)

தடிமன்: டாங்க் வரிசையின் பேட்டரி மாடலான மஸ்ட் குவார்ட்ஸ் 6.6 மி.மீ., சட்டைக் கைக்குள் நழுவிவிடும். மற்றது 12.5, டைட்டானியம், அதனால் கனம் தெரியாது.

தண்ணீர் தாங்கும் அளவு: டாங்க் மஸ்ட் 30 மீட்டர், ஸ்னோஃப்ளேக் 100 மீட்டர். மழையில் டாங்க் வேண்டாம்.

விலை: டாங்க் மஸ்ட் குவார்ட்ஸ் குறைவு.

சரி, விசேஷங்களுக்கு மட்டும் கட்டுவதென்றால் டாங்க். தினமும் ஒரே வாட்ச்தான் என்றால் ஸ்னோஃப்ளேக்.