சிங்க்வே தெர்ரே பயணக் கையேடு: திராட்சைக்கு முழு மதிப்பெண், நடைபாதைக்குப் பாதி

இத்தாலியின் லிகூரியக் கடற்கரையிலுள்ள சிங்க்வே தெர்ரேவின் ஐந்து ஊர்களுக்கு வழிகாட்டும் இந்தச் சிறு கையேட்டில், கொடுத்த காசுக்கு மதிப்பு தருவது திராட்சைத் தோட்டங்களைப் பற்றிய அத்தியாயமே. சாந்து பூசாமல் கல்லின்மேல் கல் அடுக்கிய சுவர்களால் செங்குத்தான மலைச்சரிவைப் படிப்படியாகத் திருத்தித் தோட்டமாக்கிய விதத்தையும், அறுவடையின்போது கூடைகளைச் சுமக்கும் ஒற்றைத் தண்டவாள வண்டியையும், போஸ்கோ முதலிய திராட்சைகளை வாரக்கணக்கில் உலர்த்தி ஷாக்கெத்ரா என்னும் இனிப்பு ஒயினை வடிக்கும் முறையையும் ஆசிரியர் நிதானமாக விளக்குகிறார். பராமரிப்பின்றிச் சுவர் சரிந்தால் மண்ணும் சரியும் என்பதை, 1997இல் யுனெஸ்கோ பட்டியலில் இடம்பெற்ற இந்நிலத்தைப் பற்றி எழுதும் பலர் சொல்வதில்லை.

லா ஸ்பெட்சியாவுக்கும் லேவந்தோவுக்கும் இடையே இவ்வூர்கள் வழியாக ஓடும் ரயிலைப் பற்றிய குறிப்புகள் போதுமானவை. ஆனால், கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 100 மீட்டர் உயரத்திலுள்ள கொர்னீலியா ஊருக்கு ரயில் நிலையத்திலிருந்து சுமார் 380 படிகள் ஏற வேண்டியிருக்க, அதைச் 'சிறிய ஏற்றம்' என்று எழுதியிருப்பது முழங்கால் வலியுள்ளவர்களுக்குச் செய்யும் அநியாயம். 2012இல் பாறைச் சரிவால் மூடப்பட்டு 2024இல் மீண்டும் திறக்கப்பட்ட 'காதல் பாதை'க்கு, அதாவது ரியோமஜ்ஜோரேவையும் மனரோலாவையும் இணைக்கும் நடைபாதைக்கு, முன்பதிவு தேவை என்ற தகவலே இதில் இல்லை. உணவகப் பட்டியலோ வெறும் பெயர் வரிசை. மடித்து வைத்த வரைபடத்தில் மட்டும் உயரக் கோடுகள் தெளிவாக அச்சாகியுள்ளதால், மலைப்பாதையில் நடக்க விரும்புவோர் தயங்காமல் வாங்கலாம்.