பனி இறங்கும் இரவு: தண்ணீரா, தழையா, புகையா?

மேட்டுப்பாளையத்தில் மார்கழியிலும் மின்விசிறி ஓடும். அங்கிருந்து சுமார் 50 கிலோமீட்டர் மலையேறினால், அதே இரவில் ஊட்டிப் பக்கத்துப் பள்ளங்களில் புல் வெள்ளையாக விறைத்துக் கிடக்கும். கீழே வீடும் மேலே குத்தகைக்கு ஒன்றரை ஏக்கரும் வைத்துக்கொண்டு பஸ்ஸில் ஏறி இறங்குகிற எனக்கு, இந்த வித்தியாசம் உறைப்பதற்கு ஒரு போகம் உருளைக்கிழங்கு செலவானது. நவம்பரில் நீர்ப்பனி தொடங்கும்; பிறகு உறைபனி. பிப்ரவரி வரை நிம்மதி இல்லை. என்ன செய்யலாம் என்று கேட்டால் ஆளுக்கொரு வழி சொல்வார்கள். தண்ணீர் தெளி என்பார் ஒருவர், தழை போட்டு மூடு என்பார் இன்னொருவர், புகை போடு என்பார் மூன்றாமவர். மூன்றையும் செய்து பார்த்துவிட்டேன்.

எந்த வழி நல்லது என்று பார்ப்பதற்கு முன், பனி எப்படி வருகிறது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். பனி விழுகிறது என்று சொல்லிப் பழகிவிட்டோம். மேலிருந்து எதுவும் விழுவதில்லை. பகலில் வாங்கிய வெப்பத்தை மண்ணும் இலையும் இரவெல்லாம் வானத்துக்கு இறைத்துக்கொண்டே இருக்கின்றன. மேகம் இருந்தால் அதில் ஒரு பங்கு திரும்பி வரும். மேகமும் இல்லை, காற்றும் இல்லை, ஈரமும் இல்லை என்றால் போனது போனதுதான். இலையை ஒட்டிய காற்று குளிர்ந்து கனத்து, தண்ணீர் போலவே சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்கும். மேட்டுக் காடு தப்பிப்பதும் பள்ளத்துக் காடு கருகுவதும் இதனால்தான். எனக்குக் குத்தகை அவ்வளவு மலிவாகப் படிந்ததன் ரகசியமும் இதுதான் என்று பிற்பாடு விளங்கியது.

செய்தியில் சொல்லும் வெப்பநிலையை நம்பி ஏமாறவும் கூடாது. அது தரையிலிருந்து ஏறத்தாழ நான்கடி உயரத்தில், பெட்டிக்குள் வைத்து அளப்பது. பெட்டியில் 3 டிகிரி காட்டும் இரவில் புல் மட்டத்தில் பூஜ்யமோ அதற்கும் கீழோ இருக்கலாம். நான் ஒரு பழைய எவர்சில்வர் தட்டில் விரல் ஆழம் தண்ணீர் ஊற்றி, பாத்திக்கு நடுவில் வைத்துவிடுவேன். நள்ளிரவில் டார்ச் அடித்துப் பார்க்கும்போது ஓரத்தில் ஊசி ஊசியாகக் கண்ணாடி கட்டியிருந்தால் அன்றைக்குத் தூக்கம் இல்லை.

புகையைச் சீக்கிரம் முடித்துவிடலாம். ஈரச் சருகைக் குவித்துத் தீ வைத்தால் தோட்டம் முழுக்க மூட்டமாக நிற்கும். மேகம் போலவே தோன்றும். ஆனால் வேலை செய்யாது. புகைத் துகள்கள் மிகமிகச் சிறியவை. நம் கண்ணுக்குத் தெரியும் வெளிச்சத்தை மறிக்குமே தவிர, இலையிலிருந்து கிளம்பும் வெப்பக் கதிரை மறிக்காது. காலையில் சூரியன் வந்த பிறகும் புகை நின்றால், வெயில் மண்ணில் விழுவதைத் தாமதப்படுத்தும். உபத்திரவம் மட்டும் மிச்சம். நெருப்பைச் சுற்றி உட்கார்ந்து பேசுவதற்கு நல்ல சாக்கு என்பதற்கு மேல் நான் மதிப்பெண் போட மாட்டேன்.

தண்ணீர் விஷயம் அப்படி இல்லை. பிடிபட்டால் இதைப் போல ஒன்று கிடையாது. பிசகினால் இதைப் போலக் கெடுப்பதும் வேறு எதுவுமில்லை. ஒரு லிட்டர் தண்ணீர் உறைந்து பனிக்கட்டியாகும்போது ஏறத்தாழ 80 கிலோகலோரி வெப்பத்தை வெளியே விடுகிறது. ஸ்பிரிங்ளரில் தூவிக்கொண்டே இருந்தால் இலைமேல் கட்டி சேரச் சேர இந்த வெப்பமும் வந்துகொண்டே இருக்கும். கட்டிக்கு உள்ளே இலை பூஜ்யத்திலேயே நிற்கும், அதற்குக் கீழே இறங்காது. கண்ணாடிக்குள் வைத்தது போலப் பச்சைப் பசேலென்று இருப்பதை டார்ச் வெளிச்சத்தில் பார்த்தால் ஏதோ மாயவித்தை மாதிரி இருக்கும்.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். அதே ஒரு லிட்டர் ஆவியானால் 600 கிலோகலோரியை இலையிடமிருந்து பிடுங்கிக்கொண்டு போகும். ஒரு லிட்டர் ஆவியாவதை ஈடுகட்ட ஏழரை லிட்டர் உறைய வேண்டும் என்று கணக்கு. தெளிப்பு நின்றால், அல்லது வறண்ட காற்று வீசினால், நனைந்த செடி நனையாத செடியைவிட மோசமாகக் குளிரும்.

எனக்கு நடந்தது அதுதான். முதல் வருடம் இரவல் வாங்கிய குழாய்களைப் போட்டு, இரண்டு மணிக்கு டீசல் என்ஜினை ஓட்டினேன். ஐந்தே முக்காலுக்குக் கிழக்கே லேசாக வெளுத்தது. விடிந்துவிட்டது, இனி என்ன என்று நிறுத்திவிட்டு டீ போடப் போனேன். பக்கத்துத் தோட்டத்துப் பெரியவர் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து குரல் கொடுத்தார்: “மாப்பிள்ளை, என்ஜின் சத்தம் ஏன் நின்றுவிட்டது? கட்டி தானாகக் கரைந்து வழிகிற வரைக்கும் நிறுத்தக் கூடாது.” நான் ஓடுவதற்குள் என்ஜின் முரண்டு பிடித்தது. அதிகக் குளிர் விடியற்காலையில்தான் என்பது எனக்குத் தெரிந்திருக்கவில்லை. பத்து மணிக்குக் கிழங்குச் செடியெல்லாம் வெந்த கீரையாகத் துவண்டு, சாயங்காலம் கறுத்தது. குழாய் எட்டாத கடைசி நான்கு பாத்தி மட்டும் பாதி தப்பியது. அந்த நான்கு பாத்தியைப் பார்க்கத்தான் எரிச்சலாக இருந்தது.

தண்ணீரின் அளவையும் யோசிக்க வேண்டும். மிதமான பனிக்கே மணிக்கு இரண்டரை மில்லிமீட்டர் தெளிக்க வேண்டும். ஏக்கருக்கு அது மணிக்குப் பத்தாயிரம் லிட்டர். இரண்டு மணியிலிருந்து எட்டு மணி வரை என்றால் அறுபதாயிரம் லிட்டர், அதாவது 12,000 லிட்டர் தண்ணீர் லாரி ஐந்து. ஓடைக்கரைத் தோட்டத்துக்காரர் செய்யலாம். ஆழ்துளைக் கிணற்றை நம்பியிருப்பவர் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் நடந்ததைத் தெரிந்துகொள்வது நல்லது. அது கடுங்குளிர் எப்போதாவது மட்டும் வரும் பகுதி. 2010 ஜனவரியில் பதினோரு நாள் விடாமல் குளிரடித்தபோது, பிளாண்ட் சிட்டி பக்கத்து ஸ்ட்ராபெரி விவசாயிகள் இரவு பகலாக நிலத்தடி நீரை இறைத்துத் தெளித்தார்கள். பழம் தப்பியது, நீர்மட்டம் சுமார் 60 அடி இறங்கியது. அக்கம்பக்கத்தில் நூற்றுக்கணக்கான வீட்டுக் கிணறுகள் வற்றின. 140 இடங்களுக்கு மேல் நிலம் உள்வாங்கிக் குழி விழுந்தது. ஆயிரம் அடி போட்டும் புழுதி பறக்கிற அவினாசி, பல்லடம் பக்கத்துச் சொந்தக்காரர்களிடம் சொன்னால், பனியே தேவலை என்பார்கள்.

இனித் தழை. தேயிலைக்காரர்கள் இளஞ்செடிகளைக் காய்ந்த புல், பெரணி, மிலாறு என்கிற மெல்லிய சுள்ளி கொண்டு மூடுவதைச் சாலையோரமே பார்க்கலாம். செடிக்கும் வானத்துக்கும் நடுவே ஒரு கூரை, அவ்வளவுதான் தத்துவம். சூரியன் மறைவதற்கு முன்பே போட்டுவிட வேண்டும். இருட்டிய பிறகு போட்டால் போன வெப்பத்தைப் பூட்டி வைத்த கதைதான். சாக்கு, பழைய வேட்டி, பச்சை நிழல்வலை எல்லாமே ஆகும். மெல்லிய பாலித்தீன் தாளை மட்டும் நான் கடைசியில்தான் வைப்பேன். அது காற்றைத் தடுக்கும், வெப்பக் கதிரைப் பெருமளவு வெளியே விட்டுவிடும்; தாள் தொட்ட இலை முதலில் கருகும்.

இதில் ஒரு முரண்பாடு உண்டு. இயற்கை விவசாயம் செய்கிற நண்பர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது. மண்மேல் போடும் மூடாக்கு வெயில் காலத்தில் அமிர்தம், பனிக்காலத்தில் எதிரி. பகல் வெப்பம் மண்ணுக்குள் இறங்காது, இறங்கியதும் இரவில் செடிக்கு எழும்பி வராது. தழை செடிக்கு மேலே இருக்க வேண்டும், காலடியில் அல்ல. காலடி மண் வெறுமையாக, முந்தின நாளே பாய்ச்சிய ஈரத்தோடு இருந்தால் அதிக வெப்பத்தைப் பிடித்து வைக்கும். நான் பாத்தியில் கிடந்த சருகையே வாரி எடுத்துச் செடிமேல் போடுகிறேன். கூலியும் பாதி மிச்சம்.

தழையின் குறை ஒன்றுதான்: ஆள் வேண்டும். மாலையில் மூடி, காலையில் எடுத்து, மறுமாலை மறுபடியும். ஒன்றரை ஏக்கரையும் அப்படிச் செய்ய என் குடும்பம் போதாது. அதனால் எதைக் காப்பது என்று பிரித்துக்கொண்டேன். கேரட்டும் முட்டைக்கோஸும் லேசான பனியைத் தாங்கிக்கொள்ளும்; விட்டுவிடுகிறேன். உருளைக்கிழங்கும் பீன்ஸும் ஒரே இரவில் போய்விடும், அவற்றுக்குத் தழை. நாற்றங்காலுக்குக் குச்சி நட்டு, மேலே சாக்கு. ஸ்பிரிங்ளர் குழாய்களைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். ஓடைத் தண்ணீரும் இரண்டு என்ஜினும் விடிய விடிய விழித்திருக்க ஓர் ஆளும் இருக்கிற தோட்டத்துக்கு நான் தண்ணீரைத்தான் சொல்வேன். எனக்கு அதில் மூன்றுமே இல்லை.

இன்று மாலை நாலரைக்கே காற்று அடங்கிவிட்டது. வானத்தில் பஞ்சளவு மேகம் இல்லை. மச்சினன் கிழங்குப் பாத்திகளில் பெரணியைப் பரப்பிக்கொண்டிருக்கிறான், நான் தட்டில் தண்ணீர் ஊற்றுகிறேன்.