டெட்ராமரா, எலிஸ்பாட்டா? தர்மபுரியில் எடுக்கும் ரத்தத்துக்கு எது தோது

ஹெபடைட்டிஸ் பி நாள்பட்டுப் போனவர்களின் ரத்தத்தில், அந்த வைரஸை மட்டுமே குறிவைக்கும் டி செல்களை (நோயை எதிர்க்கும் ஒருவகை வெள்ளணுக்களை) தேடுவது ஆராய்ச்சி வேலை. அதற்கான முறைகளில் முக்கியமானவை டெட்ராமரும் எலிஸ்பாட்டும். சிகிச்சைக்கு இந்தப் பரிசோதனை தேவையில்லை. மாத்திரை தொடங்கலாமா என்பதை வைரஸ் அளவையும் கல்லீரல் நிலையையும் பார்த்தே மருத்துவர் முடிவு செய்வார். தர்மபுரி, கிருஷ்ணகிரி மருத்துவக் கல்லூரிகளில் ஆய்வுத் திட்டம் எழுத உட்காரும் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன்.

டெட்ராமர் 1996இல் வந்தது. வைரஸ் புரதத்தின் சிறு துண்டை எச்எல்ஏ மூலக்கூறில் (செல்லின் மேல் இருந்து இப்படித் துண்டுகளை டி செல்லுக்குக் காட்டும் புரதம்) பொருத்தி, அப்படி நான்கை ஒன்றாகக் கட்டி, ஒளிரும் சாயம் ஏற்றியிருப்பார்கள். பொருத்தமான டி செல்லில் அது போய் ஒட்டும். ஒளிரும் செல்களை ஃப்ளோ சைட்டோமீட்டர் என்ற கருவி எண்ணிக் கொடுத்துவிடும். பார்க்க அழகான முறை. சிக்கல் எச்எல்ஏவில்தான். ஆளுக்கு ஆள் அது மாறும். உலகில் நடந்த ஆய்வுகளில் பெரும்பகுதி ஏ2 வகையின் 0201 உட்பிரிவை வைத்தே நடந்தது. நம் நாட்டு ஏ2காரர்களிடம் 0211 போன்ற வேறு உட்பிரிவுகளும் நிறைய உண்டு. ஆகவே 'ஏ2' என்று மட்டும் வரும் ரிப்போர்ட்டை நம்பி டெட்ராமர் வாங்கினால் காசு வீணாகலாம்.

சுரக்கும் செல்களைப் புள்ளிகளாக எண்ணும் எலிஸ்பாட்டுக்கு இந்தத் தலைவலி இல்லை. 96 குழிகள் கொண்ட தட்டு. குழிக்கு இரண்டு லட்சம் செல்கள், கூடவே வைரஸ் புரதம் முழுவதையும் தொடும் பெப்டைடு (புரதத் துண்டு) கலவை, 37 டிகிரியில் ஓர் இரவு. வைரஸை எதிர்க்கும் இன்டர்பெரான் காமா என்ற பொருளைச் சுரந்த செல் இருந்த இடத்தில் மறுநாள் ஒரு புள்ளி தெரியும்: நடுவில் அடர்த்தியாக, ஓரத்தில் மங்கலாக. இரவில் யாராவது தட்டை நகர்த்தினால் புள்ளிக்கு வால் முளைத்துவிடும். இன்குபேட்டர் கதவில் 'தொடாதே' என்று ஒட்டிவிடுவது நல்லது.

ஆனால் நாள்பட்ட தொற்றில் இதற்கும் ஒரு பெரிய ஓட்டை. வருடக்கணக்கில் வைரஸோடு மல்லுக்கட்டிய டி செல்கள் ஓய்ந்துபோகின்றன. இருக்கும், ஆனால் எதையும் சுரக்காது. எல்சிஎம்வி என்ற, எலிகளைத் தாக்கும் வைரஸ் தொற்றிய எலிகளில் 1998இலேயே இதைக் காட்டிவிட்டார்கள்: டெட்ராமர் ஒட்டியது, செல்லோ அசையவில்லை. நூறு நாள் வேலையில் பதிவேட்டில் பெயர் இருப்பவரை எண்ணுவது டெட்ராமர். மண்வெட்டி பிடித்தவரை எண்ணுவது எலிஸ்பாட்.

மூன்றாவதாக, செல்லுக்குள்ளேயே சைட்டோகைனை (இன்டர்பெரான் காமா போல செல் சுரக்கும் பொருளை) சாயமேற்றிப் பார்க்கும் முறை. ஒரே செல் எத்தனை வகை சுரக்கிறது என்று சொல்லும். செல்லும் அதிகம் வேண்டும், ஃப்ளோ கருவியும் வேண்டும். முதல் திட்டத்துக்கு வேண்டாம்.

அப்புறம் ரத்தம் போய்ச் சேர வேண்டுமே! பெங்களூருக்கு அனுப்பினால் ஓசூர் தாண்டியதும் டிராபிக்கில் எவ்வளவு நேரம் நிற்கும் என்று யாருக்கும் தெரியாது. ஹெப்பாரின் குழாயில் எடுங்கள். பழக்க தோஷத்தில் ஐஸ் பெட்டியில் வைத்துவிடாதீர்கள், அறை வெப்பநிலைதான் சரி. சித்திரை வெயிலில் காரின் டிக்கி அறை வெப்பநிலை ஆகாது. அன்றைக்கே செல்களைப் பிரித்துவிட வேண்டும். தாமதமானால் முதலில் அடிபடுவது செல்லின் சுரக்கும் திறன், அதாவது எலிஸ்பாட். இங்கேயே பிரித்து உறைய வைக்க முடிந்தால் இன்னும் நல்லது. அதற்கு வேண்டிய திரவ நைட்ரஜன் நமக்குப் புதிதல்ல, மாட்டுக்குச் சினை ஊசி போட வருபவர் கேனில் கொண்டுவருவதும் அதுதான்.

ஒன்றைத்தான் எடுக்க முடியும் என்றால் நான் எலிஸ்பாட்டையே எடுப்பேன். எச்எல்ஏ பார்த்து ஆளைக் கழிக்க வேண்டியதில்லை. வருகிற எல்லாரையும் சேர்த்துக்கொள்ளலாம். பணம் மிஞ்சினால், புள்ளி வராதவர்களில் எச்எல்ஏ பொருந்துபவர்களுக்கு மட்டும் டெட்ராமர். ஒவ்வொருவருக்கும் எல்லா டி செல்களையும் தூண்டிவிடும் மருந்து போட்ட குழி ஒன்று கட்டாயம் இருக்கட்டும். அதில் புள்ளிகள் நிறைந்து, வைரஸ் குழி காலியாக இருந்தால் 'சுரக்கும் செல்கள் தென்படவில்லை' என்று எழுதுங்கள். 'செல்களே இல்லை' என்று எழுதாதீர்கள். இரண்டுமே காலி என்றால் ரத்தம் வழியிலேயே கெட்டிருக்கும், அந்த நோயாளியிடம் மறுபடி ரத்தம் கேட்க வேண்டியதுதான்.