சென்னா: ஆவணப்படமா, தொடரா?

1994இல் பந்தயத்தில் உயிரிழந்த பிரேசில் ஃபார்முலா 1 ஓட்டுநர் அயர்டன் சென்னாவின் கதை ஒரே பெயரில் இரண்டு விதமாகக் கிடைக்கிறது. ஒன்று, 2010இல் ஆசிஃப் கபாடியா எடுத்த ஆவணப்படம். இன்னொன்று, 2024 நவம்பரில் நெட்ஃப்ளிக்ஸில் வந்த ஆறு பகுதித் தொடர். கேப்ரியல் லியோனி சென்னாவாக வருகிறார். ஆவணப்படத்தில் நடிகர்களே கிடையாது. முழுக்கப் பழைய காட்சிகள், மேலே தெரிந்தவர்களின் குரல்கள், அவ்வளவுதான்.

எனக்கு ஆவணப்படம்தான் ஒரு படி மேல். 1991இல் பிரேசிலின் இன்டர்லாகோஸ் தடத்தில் நடந்த பந்தயத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு முறை உலக சாம்பியன், ஆனால் சொந்த நாட்டில் ஏழு முறை ஓட்டியும் ஒரு வெற்றி இல்லை. அன்று முன்னால் போய்க்கொண்டிருக்கும்போது கியர்கள் கைவிடுகின்றன. கடைசியில் ஆறாவது கியர் மட்டும்தான் மிச்சம். பின்னால் இன்னொரு ஓட்டுநர் பட்ரேசே நெருங்கிக்கொண்டிருக்கிறார். எப்படியோ கோட்டைத் தாண்டியதும் ரேடியோவில் ஓர் அலறல். சந்தோஷமா, வலியா என்று பிரித்துச் சொல்ல முடியாது. மேடையில் கோப்பையைத் தூக்கவே கை வரவில்லை. லியோனி நடிப்பில் குறை வைக்கவில்லை. ஆனால் அசல் அலறலைக் கேட்ட காதுக்கு வேறெதுவும் ஏறுவதில்லை.

1990இல் ஜப்பானின் சுசூகா பந்தயத்துக்கு முன் ஓட்டுநர்கள் கூட்டத்திலிருந்து சென்னா பாதியில் எழுந்து போவதும் அப்படித்தான். முந்தைய வருடம் எதற்காகத் தன் வெற்றியைப் பறித்தார்களோ, அதே விஷயத்தைச் சக ஓட்டுநர் பிக்கே கிளப்பியதும் அந்த முகம் மாறுவதைப் பார்க்க வேண்டும்.

சரி, தொடருக்கு என்ன பலம்? அன்று கேமரா எட்டிப் பார்க்காத இடங்கள். 1981இல் இளம் மனைவியோடு இங்கிலாந்துக்குப் போய் ஃபார்முலா ஃபோர்டு என்ற ஆரம்பநிலைப் பந்தயங்களில் ஓட்டியது, வருடக் கடைசியில் போதும் என்று வீடு திரும்பியது, மறுபடி தனியாகக் கிளம்பியது, இதெல்லாம் ஆவணப்படத்தில் இல்லாத சென்னா. முதல் பகுதி எனக்கு மிகவும் பிடித்தது. அப்புறம் ஒரு கற்பனைப் பத்திரிகையாளரைக் கொண்டுவந்து, நாம் என்ன நினைக்க வேண்டும் என்பதை அவர் வாயாலேயே சொல்ல வைக்கிறார்கள். தேவையே இல்லை. கடைசிக் காலத்துக் காதலி ஏட்ரியானி கலிஸ்டுவோ சில நிமிடங்களில் காணாமல் போகிறார்.

ஆவணப்படமும் சுத்தம் என்று சொல்ல மாட்டேன். சென்னாவின் பெரும் போட்டியாளரான ப்ராஸ்ட்டைக் கிட்டத்தட்ட வில்லனாக்கிவிடுகிறது. சென்னாவின் சவப்பெட்டியைச் சுமந்தவர்களில் அவரும் ஒருவர் என்பதை நினைத்தால் கொஞ்சம் உறுத்தும்.

ஆவணப்படத்தின் கடைசியில் சென்னாவிடம் ஒரு கேள்வி வரும்: யாரோடு போட்டி போட்டதில் அதிகத் திருப்தி? ப்ராஸ்ட் என்பார் என்று காத்திருந்தால், இளவயதில் கார்ட் எனும் சின்ன பந்தய வண்டி ஓட்டிய காலத்து டெரி ஃபுல்லர்டன் பெயரைச் சொல்கிறார் சென்னா. பணமும் அரசியலும் இல்லாத பந்தயமாம் அது. அந்த நாட்களைத்தான் இரண்டுமே அவசரமாகத் தாண்டிப் போய்விடுகின்றன.